தண்ணி எங்கே போகுது?

விழுப்புரம்
18.1.1998

அன்புத் தம்பி ஸ்டீபனுக்கு அக்கா வெனிலா எழுதறது.

இங்க நான், மாமா, பாப்பா மூணு பேரும் சுகம். பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தாச்சு, லேப்ல எலி கடிச்ச ரப்பர் குழாயெல்லாம் மாத்திக்கினு இருக்கேன். நீ, அக்னஸ், கைப்பிள்ளை எல்லாரும் எப்படி இருக்கீங்க? பிள்ளைக்குச் சளி விட்டுதா? அம்மா எப்படி இருக்காங்கன்னும் ஒரு வரி எழுது.

எங்க வெள்ளை மாருதி இருக்கே, ஹெட்மாஸ்டர்கிட்ட வாங்கினது, அதுக்கு ஒரு வினோதமான வியாதி வந்திருக்கு. ரேடியேட்டர் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும் இல்ல, ரெண்டு கோடு போட்டு? மேல் கோடு வரைக்கும் நான் தண்ணி ஊத்தி வைக்கறேன். கொஞ்ச நாள் அப்படியே இருக்குது. அப்புறம் ஒரு நாள் காலையில பாத்தா அடிமட்டத்துல கிடக்குது. வண்டிக்குக் கீழ ஒரு பொட்டு ஈரம் இல்ல. பானெட்டைத் திறந்து ஒவ்வொரு குழாயா விரலால தடவிப் பாத்தேன். எல்லாம் காய்ஞ்சு கிடக்குது. ஊத்தின தண்ணி எங்க போகுது சொல்லு?

மாமாவைக் கேட்டா "தெரியலையே"ன்றாரு. அவருக்கு ஓட்டத் தெரியுமே தவிர பானெட்டைத் திறக்கத் தெரியாது. உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மெக்கானிக்குங்க வந்துக்கினுதானே இருக்காங்க, அவங்களைக் கேட்டு எழுது. போன்ல சொன்னா நீ பாதியை மறந்துடுவே. வண்டியைத் திண்டிவனத்துக்கே கொண்டாந்து உங்கிட்ட காட்டிடுவேன். ஆனா நான் அந்தத் தெருவுக்கு வர்றதுல இருக்கிற சங்கடம் உனக்கே தெரியும்.

பதில் போடு.

பாசமுள்ள அக்கா,
வெனிலா


திண்டிவனம்
25.1.1998

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு ஸ்டீபன்ராஜ் எழுதுவது. இங்க எல்லாரும் ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கோம். பிள்ளைக்குச் சளி போயிடுச்சி. இப்ப தவழ்ந்துக்கினு எல்லாத்தையும் இழுக்கிறான். அம்மாவும் இருக்காங்க.

உன் லெட்டரைக் கடையில நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் ரேடியேட்டர் மூடியோட ரப்பர் செத்துப் போயிருக்கும்னாரு. மூடி அழுத்தம் தாங்கலைன்னா சூடானதும் தண்ணி ஆவியாப் போயிடுமாம். இன்னொருத்தர் வாட்டர் பம்ப் அடியில சின்னதா ஒரு துவாரம் இருக்கும், அதுல வெள்ளையா உப்புப் பூத்திருக்கான்னு பாக்கச் சொன்னாரு. மூடி நான் புதுசா ஒண்ணு அனுப்பறேன், மாட்டிப் பாரு. ராத்திரி வண்டியை நிறுத்தறப்ப அடியில பழைய பேப்பர் விரிச்சு வை. சொட்டினா காலையில பேப்பர்ல தெரியும். வண்டி சூடா இருக்கிறப்ப மட்டும் மூடியில கை வைக்காதே. கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்.

இன்னொரு கேள்வி. நீங்க வண்டியில ஏசி போடுறதுண்டா? ஏசி போட்டா முன் சீட்டுல இடது பக்கம் உக்கார்றவங்க காலாண்ட தண்ணி சொட்டுமா?

மாமாவுக்கும் பாப்பாவுக்கும் எங்க அன்பு.

தம்பி
ஸ்டீபன்


விழுப்புரம்
16.2.1998

அன்புத் தம்பிக்கு,

நாங்க சுகம். உங்க சுகத்துக்கு வேண்டிக்கிறேன். நீ அனுப்பின மூடி வந்து சேர்ந்தது. அம்மாவும் "இருக்காங்க"ன்னு எழுதியிருக்கே. இருக்காங்கன்னு எனக்கும் தெரியும்டா. எப்படி இருக்காங்கன்னுதான் கேட்டேன். நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு ஒன்பது வருஷமாகுது. வேற மதத்துல கட்டினேன்னு இந்த நிமிஷம் வரைக்கும் அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சரி விடு.

மூடியை மாத்தினேன். பம்ப் அடியில டார்ச் அடிச்சுப் பாத்தேன், உப்பு கிப்பு ஒண்ணும் பூக்கல. தினம் பேப்பர் விரிச்சேன். ஒரு சொட்டு இல்ல. எதிர் வீட்டு அம்சா அக்கா, "இன்னாம்மா, காருக்குப் படுக்கை போடுறியா?"ன்னு கேட்டு ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான். ஆனா காலையில எழுந்ததும் காப்பி போடுறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டிலைப் பாக்கலைன்னா இருப்பு கொள்ளமாட்டேங்குது. லேப்ல பிள்ளைங்க பண்ற சோதனையெல்லாம் முடிவு தெரிஞ்சே பண்றது. இதுல எனக்கு முடிவு தெரியாது.

ரெண்டு வாரமா தண்ணி இம்மியும் இறங்கல. மூடிதான் குத்தவாளி, ஜெயிச்சிட்டோம்னு உனக்கு எழுத உக்காந்தேன். நேத்து ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பாக்கறேன், பாட்டில் காலி! முந்தா நாள் காலையில வரைக்கும் நல்லா இருந்த தண்ணி. ஆபீசுக்குப் போய் வர்றப்ப குறையல. சும்மா நிக்கிறப்பவும் குறையல. திடீர்னு ஒரே நாள்ல குறையுதுன்னா அது எந்த மாதிரி ஓட்டை?

ஏசி பத்திக் கேட்டிருந்தே. நாங்க வாங்கினதிலிருந்தே அது வேலை செய்யல. அதனால சொட்டவும் வழியில்ல. இதை ஏன் கேட்டே?

அக்னஸுக்கு என் விசாரிப்பு.

அக்கா
வெனிலா


திண்டிவனம்
3.3.1998

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். லேட்டாயிடுச்சி, கோவிச்சுக்காதே. கடையில ஸ்டாக் எடுக்கிற வேலை, பேஜாரு.

ஏசி சும்மாதான் கேட்டேன்.

இந்த லெட்டரோட கூலண்ட் கேன் ஒண்ணு லோடு வண்டியில அனுப்பறேன். பச்சை நிறம். இருக்கிற தண்ணியை இறக்கிட்டு இதைக் கலந்து ஊத்து. வெறும் தண்ணி சொட்டினா காய்ஞ்சு போயிடும், அடையாளம் இருக்காது. இது சொட்டின இடத்துல பச்சையா பிசுபிசுன்னு நிக்கும். பாப்பா கைக்கு எட்டாம வை. வாசனை தித்திப்பா இருக்கும், ஆனா விஷம்.

எங்கயும் வெளிய சொட்டலைன்னா இன்ஜினுக்குள்ளயே போகுதோன்னு ஒரு சந்தேகம். இன்ஜின் மூடிக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட் கிழிஞ்சா அப்படி ஆகுமாம். மூணு விஷயம் பாத்துச் சொல்லு. ஆயில் கம்பியை உருவிப் பாரு, பால் ஊத்தின டீ மாதிரி இருக்குதா? வண்டி ஆறினப்புறம் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணு, ரேடியேட்டர்ல முட்டை முட்டையா கொப்புளம் வருதா? சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வருதா?

அம்மாவுக்கு வயசாகுது அக்கா. வேற ஒண்ணும் இல்ல.

தம்பி
ஸ்டீபன்


விழுப்புரம்
22.3.1998

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். வெயில் இப்பவே மண்டையைப் பிளக்குது. பாப்பாவுக்கு வேர்க்குரு, சந்தனம் பூசி வச்சிருக்கேன்.

பச்சைத் தண்ணியைப் பத்தாம் தேதி ஊத்தினேன். நீ சொன்ன மூணையும் பாத்தேன். ஆயில் நல்ல தேன் நிறத்துல இருக்குது. கொப்புளம் இல்ல. புகை இல்ல. இன்ஜினுக்குள்ள போகலைன்னு நான் சத்தியம் பண்ணுவேன். ஆனாலும் பதினஞ்சாம் தேதி காலையில பாட்டில் மறுபடியும் காலி. பச்சைக் கறையைத் தேடி வண்டிக்குக் கீழ படுத்தே பாத்துட்டேன். எங்கயும் இல்ல.

பஜார் மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கினு வந்தோம். அவர் பானெட்டைத் திறந்த வேகத்துலயே, "கேஸ்கெட் போயிடுச்சிம்மா. இன்ஜினைக் கழட்டணும். ரெண்டு வாரமாவது வண்டி நிக்கும்"னாரு. நான் ஆயில் கம்பியை உருவிக் காட்டினேன். அதைப் பாக்கவே இல்ல. மாமாதான் பதறிட்டாரு. "ரெண்டு வாரமா? இந்த மாசம் முடியாதுங்க. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை தாண்டட்டும்"னாரு. வண்டி இல்லாம எத்தனையோ வருஷம் இருந்தவரு. ரெண்டாவது சனிக்கிழமை அப்படி இன்னா?

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சி. காலண்டரை எடுத்து வச்சுப் பாத்தேன். ஜனவரியிலயும் பிப்ரவரியிலயும் மார்ச்சுலயும் தண்ணி காணாமப் போனது ரெண்டாவது சனிக்கிழமைக்கு மறுநாள்தான். அன்னைக்கு மாமாவுக்குச் சங்க மீட்டிங். காலையில வண்டியை எடுத்துக்கினு போனா பொழுது சாயத்தான் வருவாரு. சங்க ஆபீஸ் கிழக்குப் பாண்டி ரோட்டுல, எங்க வீட்டிலிருந்து நடந்தே போற தூரம்.

இப்ப நீ எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. ஆபீசுக்கும் சர்ச்சுக்கும் போய் வந்தா ஒரு சொட்டும் விடாத வண்டி, ஒரு பாட்டில் தண்ணியைக் குடிக்கணும்னா எவ்வளவு தூரம் ஓடியிருக்கணும்?

அம்மாவுக்குக் குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வாங்கிக் கொடு, எம்பேரைச் சொல்லாம.

அக்கா
வெனிலா


விழுப்புரம்
20.4.1998

அன்புத் தம்பிக்கு,

இங்க சுகம். ஈஸ்டர் வாழ்த்து அட்டை போட்டிருந்தேன், வந்துதா? உங்கிட்டேர்ந்து அட்டையும் வரல, கேள்விக்குப் பதிலும் வரல.

இந்த மாசம் ரெண்டாவது சனி, ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமையா வந்துது. மாமா வீட்டுலதான் இருந்தாரு. நான் பூசைக்குப் போறதுக்காகப் பாப்பாவைப் பாத்துக்கினாரு. மறுநாள் பாட்டில்ல தண்ணி அப்படியே மேல் கோட்டுல நின்னுது.

ஆக, வண்டி தூரம் போனா ஒழுகுது, போகலைன்னா ஒழுகல. அவ்வளவுதான். ஓட்டை எங்க இருக்குதுன்னு தெரியல. வண்டி எங்க போகுதுன்னும் தெரியல. முன்னதைத் தேட ஆரம்பிச்சேன், இப்ப பின்னதுதான் மனசை அரிக்குது. மாமா எப்பவும் போல இருக்காரு, பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கறாரு, கூட ஒரு இட்லி வேணுமான்னா வேணாம்ன்றாரு.

மே லீவுல இன்ஜினைக் கழட்டிடலாம்னு மெக்கானிக் தேதி கேட்டுட்டுப் போயிருக்காரு. பதில் போடு.

வெனிலா


திண்டிவனம்
2.5.1998

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க நலம். பிள்ளைக்கு ஜுரம் வந்து போச்சு. அட்டை கிடைச்சது.

இன்ஜினைக் கழட்ட விடாதே. எந்தக் காரணத்துக்கும் விடாதே.

வண்டிக்குள்ள, முன் சீட்டுல, இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல ரப்பர் விரிப்பு இருக்கும். அதைத் தூக்கு. அதுக்குக் கீழ கம்பளி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். அதைப் பிரிச்சுக் கையால தொட்டுப் பாரு. அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு ஹீட்டர் பெட்டியைப் பாரு. குளிர் தேசத்துக்கு வைக்கிறது. நம்ம ஊருல அப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் நெனப்பு வராது. இன்ஜினோட சுடுதண்ணி அது வரைக்கும் வந்து திரும்பும்.

ஜல்தியா பாத்துட்டு எழுது.

தம்பி
ஸ்டீபன்


விழுப்புரம்
11.5.1998

ஸ்டீபனுக்கு,

சுகம்.

நேத்து, ரெண்டாவது சனிக்கு மறுநாள், விரிப்பைத் தூக்கினேன். மேல ஒண்ணுமே தெரியல. கீழ இருந்த கம்பளி ஊறிப் போய்க் கிடந்தது. பிழிஞ்சேன். பச்சையா வழிஞ்சுது. மோந்து பாத்தா பாகு வாசனை. சந்தோஷத்துல "பாப்பா, இங்க வந்து பாரு"ன்னு கத்திட்டேன். தலையை உள்ள விட்டுப் பாத்தேன். ஹீட்டர் பெட்டி மூலையில பச்சைக் கோடு. சூட்டைத் திறந்து மூடுற கம்பி அறுந்து தொங்குது. ஹெட்மாஸ்டர் ஊட்டியில வேலை பாத்தப்ப திறந்தது, திறந்தபடியே நின்னுடுச்சி. வண்டி நெடுந்தூரம் ஓடி, சூடேறி, அழுத்தம் ஏறினாத்தான் அந்தக் கீறல் வாய் திறக்குது. நிறுத்தி ஆறினா மூடிக்குது. நாலு மாசமா வெளிய தேடினேன், அது வண்டிக்குள்ளயே ஒழுகியிருக்குது. எவ்வளவு அழகான சமாச்சாரம்டா இது.

அந்தச் சந்தோஷம் கை கழுவுற வரைக்கும்தான் இருந்துது.

நீ இந்த வண்டியை இதுவரைக்கும் பாத்ததில்ல. உன் கடை ஆளுங்க நாலு பேரு மூடின்னாங்க, பம்புன்னாங்க, கேஸ்கெட்டுன்னாங்க. ஒருத்தரும் இடது பக்கக் கால்மாட்டைச் சொல்லல. நீ மட்டும் எப்படிச் சொன்னே? ஏசி தண்ணி காலாண்ட சொட்டுமான்னு ஜனவரியிலயே கேட்டே. அப்ப யாரோ ஒருத்தங்க கால்ல சொட்டியிருக்குது. அவங்க உங்கிட்ட வந்து சொல்லியிருக்காங்க.

அந்த சீட்டுல நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சு வரைக்கும் உக்கார்றேன். என் கால் நனைஞ்சதில்ல. மாமா நெடுந்தூரம் போறப்ப அங்க உக்கார்றது யாரு?

மாமாகிட்ட இன்னும் கேக்கல. கேட்டா அவரு சொல்றதை நான் நம்பணுமா வேணாமான்னு எனக்கே தெரியல. அவருக்கு முன்னாடி உங்கிட்டதான் கேக்கறேன். அந்தக் கால் யாரோடது?

அக்கா


திண்டிவனம்
15.5.1998

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்த அன்னைக்கே எழுதறேன். மாமாவை ஒரு நிமிஷம்கூடத் தப்பா நெனைக்காதே. அந்தக் கால் அம்மாவோடது.

அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல அக்கா. போன வருஷம் மழைக்காலத்துல படியைப் பாக்காம ரெண்டு தடவை தடுக்கினாங்க. பக்கத்துல வர்ற ஆளு தெரியல. பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில காட்டினோம். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப் போகுதாம். போன பார்வை வராது, இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாம், மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை வந்து காட்டணும்னாங்க. சனிக்கிழமை எனக்குக் கடையை விட முடியாது, அக்னஸுக்குக் கைப்பிள்ளை. பக்கத்து வீட்டு வீரம்மாள் கூடப் போனாங்க.

நவம்பர்ல ஒரு நாள், வீரம்மாள் பாண்டியிலயே தன் மக வீட்டுல தங்கிட்டாங்க. அம்மா தனியா பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்காங்க. ஆஸ்பத்திரியில விட்ட மருந்துல கண்ணு கூசுது, போர்டு தெரியல. திண்டிவனமா திண்டிவனமான்னு கேக்கறதுக்குள்ள பஸ்ஸுங்க போய்க்கினே இருக்குது. சங்க வேலையா வண்டியில வந்திருந்த மாமா பாத்துட்டாரு. கிட்ட போய், "அம்மா, திண்டிவனம்தானே, வாங்க நான் கொண்டு போய் விடுறேன்"னிருக்காரு. "யாருப்பா நீ?"ன்னு கேட்டாங்களாம். "வேங்கடேசங்க. விழுப்புரம்"னாராம்.

அம்மா அந்த இடத்தை விட்டு நகரல. பேசவும் இல்ல. மாமாவும் போகல. பக்கத்துலயே வெயில்ல நின்னாராம். ரெண்டு திண்டிவனம் பஸ்ஸு அவங்க கண்ணெதிர்லயே போயிருக்குது. அதுக்கப்புறம்தான் அம்மா வாயைத் திறந்து, "முன்னாடி சீட்டுல உக்காந்தாத்தான் எனக்கு வாந்தி வராது"ன்னாங்களாம்.

அன்னையிலிருந்து மாசா மாசம் மாமாதான். விழுப்புரத்திலிருந்து இங்க வந்து, கூட்டிக்கினு பாண்டி போயி, காட்டி, திரும்ப இங்க விட்டுட்டுப் போவாரு. பெரிய சனிக்கிழமைன்னு போன மாசம் அம்மாதான் வேணாம்னுட்டாங்க.

உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கினாங்க. நான் சண்டை போட்டேன். அதுக்கு அம்மா சொன்னது: "கண்ணு நல்லா இருந்த வரைக்கும் அவளைப் பாக்கலை. இப்ப கண்ணு போறப்ப ஒட்ட வந்துட்டேன்னு அவ நெனச்சா நான் அதைத் தாங்கமாட்டேன்."

உன் லெட்டர் ஒவ்வொண்ணையும் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க. மொதல் லெட்டரைக் கேட்டுட்டு அவங்கதான், "எங்கால்ல வெதுவெதுன்னு சொட்டுதே, ஏசி தண்ணின்னு நெனச்சேன், கேட்டு எழுது"ன்னாங்க. அம்மா செருப்பைக் கழட்டிட்டுத்தான் உக்காருவாங்க, அதான் தெரிஞ்சிருக்கு. மாப்பிள்ளைகிட்ட சொன்னா வண்டியைக் குறை சொல்ற மாதிரி ஆகும்னு சொல்லல. மார்ச்சுல அம்மாவோட வெள்ளைப் புடவையை அக்னஸ் துவைக்கறப்ப கீழ் ஓரமெல்லாம் பச்சை. அப்பவே எனக்கு ஓட்டை எங்கன்னு தெரிஞ்சு போச்சு. எழுதினா நீ எப்படித் தெரியும்னு கேப்பே. அதான் வாயை மூடிக்கினு இருந்தேன்.

இன்ஜினைக் கழட்டப் போறாங்கன்னு எழுதினே பாரு, அதைப் படிச்சதும் அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க. "நல்ல இன்ஜினை எதுக்குடா பிரிக்கணும்? எழுது. விரிப்பைத் தூக்கச் சொல்லு"ன்னாங்க. "எழுதினா அவ கண்டுபிடிச்சிடுவாம்மா"ன்னேன். காலால செருப்பைத் தேடி மாட்டிக்கினாங்க. அப்புறம் "கண்டுபிடிக்கட்டும்"னாங்க.

கோவம் இருந்தா என்மேல காட்டு. மாமாமேல வேணாம்.

உன் தம்பி
ஸ்டீபன்


விழுப்புரம்
16.6.1998

அன்புத் தம்பி ஸ்டீபனுக்கு,

இங்க எல்லாரும் சுகம். நீங்க எல்லாரும் அப்படியே இருக்க வேண்டிக்கிறேன். பதில் எழுத ஒரு மாசம் ஆயிடுச்சி. கோவம்தான், மறைக்க மாட்டேன். மாமாகிட்ட ஒரு வாரம் பேசல. அவருக்குக் காரணம் தெரியும், கேக்கல. எட்டாம் நாள் நானே கேட்டேன், "எங்கம்மாவை எங்கிட்ட மறைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"ன்னு. "அவங்களா சொல்லணும்னு இருந்தேன் வெனி. நான் சொல்லி நீ போய் நின்னு, மறுபடியும் கதவைச் சாத்திட்டாங்கன்னா?"ன்னாரு.

நீ கேக்கறதுக்கு முன்னாடி டாக்டர் சொன்னதை எழுதிடறேன். அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்குது. வலது கண்ணுக்கு அதே மருந்து, இடது கண்ணுக்கு ராத்திரியில இன்னொண்ணு சேர்த்திருக்காங்க. மருந்துச் சீட்டை அக்னஸ்கிட்ட கொடுத்திருக்கேன். மறக்காம விடச் சொல்லு.

வண்டியை ரயில்வே கேட்டாண்ட இருக்கிற வேற மெக்கானிக், இருதயராஜ்கிட்ட விட்டேன். ஹீட்டர் பெட்டிக்குப் போற ரெண்டு ரப்பர் குழாயையும் கழட்டி, பெட்டியை விட்டுட்டு, ஒண்ணோட ஒண்ணு இணைச்சுட்டாரு. டீ குடிக்கிற நேரத்துல வேலை முடிஞ்சுது. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். அறுந்த கம்பியைக் கேட்டு வாங்கிக்கினேன், லேப்ல பிள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு.

சனிக்கிழமை நானும் கிளம்பினேன். வழியெல்லாம் மாமா, "நீ வர்றேன்னு சொல்லி அனுப்பலாமா?"ன்னு கேட்டுக்கினே வந்தாரு. வேணாம்னுட்டேன். உங்க வீட்டு வாசல்ல வண்டி நின்னப்ப நான் பின் சீட்டுல ஓரமா ஒடுங்கி உக்காந்திருந்தேன். நீ கடைக்குப் போயிட்டே. அக்னஸ் அம்மா கையைப் பிடிச்சுக்கினு வந்தவ என்னைப் பாத்துட்டு நின்னுட்டா. நான் சொல்லாதேன்னு தலையை ஆட்டினேன். அவ கதவைத் திறந்து விட்டா.

அம்மா இளைச்சிட்டாங்கடா. நீ எழுதவே இல்லையே. கதவு விளிம்பைத் தடவி, சீட்டைத் தடவி உக்காந்தாங்க. பின்னாடி திரும்பல. திரும்பியிருந்தாலும் எந்த அளவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியல. ஒன்பது வருஷமா பாக்காத தலை, கையை நீட்டினா தொடுற தூரத்துல. பின்கழுத்துல அந்த மச்சம் இருக்குது.

ஊரைத் தாண்டினதும், "இன்னைக்குக் கால்ல சொட்டல மாப்ள. யாரு பாத்தது?"ன்னாங்க.

"வெனிலாதாங்க கண்டுபிடிச்சா."

"மெக்கானிக்கு இன்னா சொன்னான்?"

"இன்ஜினைக் கழட்டணும்னாருங்க. இவ விடல. ஆயில் கம்பியை உருவி அவரு மூஞ்சிக்கு நேரா காட்டினா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சி. தோள் குலுங்கினது எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் அந்த ஹீட்டர் எதுக்கு, தண்ணி எப்படி அங்க போயி திரும்புது, இப்ப அதை அடைச்சதால இன்ஜினுக்குக் கெடுதல் வராதான்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. மாமாவுக்குப் பாதி தெரியல. தப்புத் தப்பாச் சொன்னாரு. அடைக்கல, இணைச்சிருக்குதுன்னு சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. உதட்டைக் கடிச்சுக்கினு இருந்தேன்.

கிளியனூர் தாண்டினப்ப ரோடு போடுற இடத்துல செம்மண்ணு பறந்துது. அம்மா முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கினு, "மாப்ள, பின்னாடி இருக்கிறவளைக் கண்ணாடியை ஏத்தச் சொல்லுங்க. தூசி வருது"ன்னாங்க.

மாமா கண்ணாடியில என்னைப் பாத்தாரு. பிடியைத் தேடிச் சுத்தினேன். எங்க நிறுத்தறதுன்னு தெரியாம கடைசி வரைக்கும் சுத்திட்டேன்.

அம்மா முன்னாடி ரோட்டைப் பாத்தபடியே, "முழுசா ஏத்தாதடி, வேர்க்குது"ன்னாங்க.

பாதி இறக்கினேன்.

அக்கா
வெனிலா